மின்சாரம் எடுத்த தண்ணீர்

நீர்மின்சாரம் பற்றிப் பள்ளியில் படித்த எவருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து சாம்பலாகிறது. நீர்மின் நிலையத்தில் எதுவும் எரிவதில்லை. உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் டர்பைனைச் சுழற்றிவிட்டு, ஒரு சொட்டும் குறையாமல் மறுபடி ஆற்றிலேயே வந்து விழுகிறது. புகை கிடையாது, சாம்பல் கிடையாது, தண்ணீருக்கும் சேதாரம் இல்லை. பிறகு ஏன் அணை என்றதும் ஆற்றங்கரை மக்களும் உயிரியல் அறிஞர்களும் இத்தனை கடுமையாக எதிர்க்கிறார்கள்? பெரிய காடு மூழ்குகிறது என்றால் புரிகிறது. மூழ்கும் பரப்பு வெறும் நூறு ஹெக்டேர் என்றால்?

கேள்வி நியாயமானது. பொதுவாகப் பதில் சொன்னால் நழுவிப் போகும். ஓர் ஆற்றை எடுத்துக்கொண்டு, அதில் கட்ட நினைத்த ஓர் அணையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த அருவி

1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் காதலர்கள் குதிக்கும் அருவி நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டுப் பயணிகள் பலர் இன்றும் அதைப் படத்தின் பெயராலேயே அழைக்கிறார்கள். அதன் பெயர் அதிரப்பள்ளி. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில், சாலக்குடி ஆறு சுமார் 80 அடி உயரத்திலிருந்து அகன்ற பாறை விளிம்பில் பிரிந்து விழும் இடம். அதற்குச் சற்று மேலே, பாறைகளின் மேல் நுரைத்துச் சரிந்து ஓடும் வாழச்சால்.

சாலக்குடி ஆறு 145 கிலோமீட்டர் நீளம். அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 1,704 சதுர கிலோமீட்டர். அதில் 300 சதுர கிலோமீட்டர் தமிழ்நாட்டில், ஆனைமலையில் இருக்கிறது. பரம்பிக்குளம், சோலையாறு, குரியார்குட்டி, காரப்பாறை, ஆனக்கயம் என்று ஐந்து கிளைகள் கூடித்தான் இது ஆறாகிறது.

இந்த ஆறு கைபடாத ஆறு என்று சொன்னால் அது பொய். மேல்பகுதியில் ஏற்கெனவே ஆறு அணைகள் நிற்கின்றன. அவற்றில் நான்கைத் தமிழ்நாடு நிர்வகிக்கிறது: வால்பாறைக்கு அருகே மேல் சோலையாறு, கேரள எல்லைக்குள் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வழியாக மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்படும் தண்ணீரில்தான் பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகளும் உடுமலைப்பேட்டை வயல்களும் பிழைக்கின்றன. மீதி இரண்டு அணைகள் கேரளத்தினுடையவை: கேரளச் சோலையாறு, 1957-இல் இயங்கத் தொடங்கிய பெரிங்கல்குத்து.

இத்தனை கைகள் பட்ட பிறகும், பெரிங்கல்குத்துக்குக் கீழே அருவி வரைக்குமான சில கிலோமீட்டர் தூரம் ஆறு தன் இயல்பில் ஓடுகிறது. பாறை, மடு, மணல் திட்டு, இரு கரையிலும் நெடுமரங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான பகுதிகளில் இப்படிப்பட்ட ஆற்றோரக் காடு மிக அரிதாகிவிட்டது. தாழ்நிலத்தில்தான் முதலில் தோட்டமும் சாலையும் ஊரும் வந்தன. ஏழாவது அணைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் இந்தத் துண்டுதான்.

திட்டம் கேட்டது என்ன?

கேரள மின்வாரியத்தின் திட்டம் தாளில் எளிமையானது. வாழச்சாலுக்குச் சற்று மேலே 23 மீட்டர் உயரம், 311 மீட்டர் நீளத்தில் ஓர் அணை. அதில் 104 ஹெக்டேர் மூழ்கும். மொத்தம் 138 ஹெக்டேர் வனநிலம் தேவை. அணையில் தேங்கும் நீரை 6.4 மீட்டர் விட்டமுள்ள சுரங்கத்தில் 4.69 கிலோமீட்டர் கொண்டுபோய், கண்ணன்குழியில் இரண்டு 80 மெகாவாட் இயந்திரங்களைச் சுழற்ற வேண்டும். அணையின் அடிவாரத்திலேயே 3 மெகாவாட்டுக்கு ஒரு குட்டி நிலையம். ஆக 163 மெகாவாட், ஆண்டுக்கு 23.3 கோடி யூனிட் மின்சாரம்.

சுரங்கத்தில் போன தண்ணீர் ஓர் ஓடை வழியாக மறுபடி ஆற்றில் சேரும். ஆனால் அது சேரும் இடம் அருவிக்குக் கீழே. அணைக்கும் அந்த இடத்துக்கும் இடையே ஆற்றின் நீளம் 7.89 கிலோமீட்டர். வாழச்சாலும் அதிரப்பள்ளியும் இந்த இடைவெளிக்குள் இருக்கின்றன. தண்ணீர் ஆற்றுக்குத் திரும்புகிறது என்று சொல்வது சரிதான். எந்த இடத்தில் திரும்புகிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால் படம் மாறிவிடுகிறது.

ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர்?

இனி கணக்கு. கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

1,000 லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு கன மீட்டர், ஒரு டன் எடை. அது 367 மீட்டர் உயரம் இறங்கினால், எந்த இழப்பும் இல்லாவிட்டால், ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். 75 வாட் மின்விசிறி பதின்மூன்று மணி நேரம் சுற்றும் அளவு. அதிரப்பள்ளி போன்ற இடத்தில் அத்தனை உயரம் இல்லை. கணக்குக்காக 150 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். சுரங்கத்தின் உராய்வு, இயந்திரத்தின் இழப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் வேண்டும்.

160 மெகாவாட் இயந்திரங்கள் முழுவீச்சில் ஓடினால் மணிக்கு 1,60,000 யூனிட் வரும். விநாடிக்கு 44 யூனிட் சொச்சம். ஆகவே விநாடிக்குச் சுமார் 120 கன மீட்டர் தண்ணீர் சுரங்கத்துக்குள் பாய வேண்டும்.

இப்போது ஆற்றைப் பார்ப்போம். மழை ஓய்ந்த மாதம் ஒன்றில் விநாடிக்கு 15 கன மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதுவும் கணக்குக்கான எண்தான். விநாடிக்கு 15 வருகிற இடத்தில் 120 எப்படிப் பாயும்? தேக்கித்தான் பாய்ச்ச முடியும். ஒரு நாள் முழுக்க வரும் தண்ணீர் ஏறத்தாழ 13 லட்சம் கன மீட்டர். அத்தனையையும் அணையில் பிடித்துவைத்துத் திறந்தால் மூன்று மணி நேரம் இயந்திரம் ஓடும். அவ்வளவுதான். மிச்சம் இருபத்தொரு மணி நேரம் அணை மூடியிருக்கும்.

அருவிக்கும் கொஞ்சம் விடுகிறோம் என்று மின்வாரியம் உறுதி சொன்னது. விநாடிக்கு எட்டு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஓட்டம். அடிவாரத்துக் குட்டி நிலையம் இருப்பதே அந்த நீரில் மின்சாரம் எடுக்கத்தான். சரி, 15-இல் 8-ஐ அருவிக்கு விட்டுவிடுவோம். மீதி 7. ஒரு நாளின் சேமிப்பு ஆறு லட்சம் கன மீட்டராகச் சுருங்கும். பெரிய இயந்திரங்கள் ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. அருவிக்கும் விட்டு, டர்பைனுக்கும் கொடுக்க அந்த மாதங்களில் ஆற்றில் தண்ணீர் இல்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் கொடுக்க முடியும்.

மழைக்காலத்தில் தேக்கி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இந்த அணை அதற்குப் போதாது. 104 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் சுமார் 84 லட்சம் கன மீட்டர்தான் கொள்ளும். முழு வீச்சில் இருபது மணி நேரத்துக்குள் காலியாகிவிடும். ஜூன், ஜூலையில் வரும் பெருவெள்ளத்தை மார்ச் வரை வைத்திருக்கும் ஏரி அல்ல இது. ஆகவே இந்த நிலையம் அதிகம் உழைக்கப்போவது மழைக்காலத்தில். அந்த மாதங்களில் இடுக்கி தொடங்கிக் கேரளத்தின் எல்லா நீர்மின் நிலையங்களிலும் தண்ணீர் தாராளம். மின்சாரம் தேவைப்படும் கோடையில்தான் இது கைவிரிக்கும்.

163 என்ற எண்ணின் உள்ளே

163 மெகாவாட் இயந்திரம் ஆண்டு முழுக்க இடைவிடாமல் ஓடினால் 142 கோடி யூனிட் கிடைக்கும். திட்டம் வாக்களித்தது 23.3 கோடி. ஆறில் ஒரு பங்கு. நாள் சராசரி நாலு மணி நேரம்.

மின்வாரியம் இதை மறைக்கவில்லை. மாலை ஆறரை மணிக்கு மாநிலம் முழுக்க விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் ஒன்றாகப் போடப்படும்போது தேவை திடீரென ஏறுகிறது. அதை ஈடுகட்டும் மின்சாரத்தை உச்சநேர மின்சாரம் என்பார்கள். அனல்மின் நிலையத்தை நினைத்த நேரத்தில் ஏற்றி இறக்க முடியாது. நீர்மின் நிலையம் சில நிமிடங்களில் தயாராகிவிடும். பொறியாளர்கள் நீர்மின்சாரத்தை விரும்ப இது நல்ல காரணம். அதை நானும் மதிக்கிறேன்.

ஆனால் மின்கம்பிக்கு வசதியான அந்த நாலு மணி நேரம் ஆற்றுக்கு என்ன செய்கிறது? ஒரு வீட்டுக்கு மாதம் முழுதும் வேண்டிய அரிசியை ஒரே இரவில் சமைத்துக் கொட்டிவிட்டு, மறுநாள் முதல் அடுப்பைப் பூட்டிவைப்பதற்குச் சமம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அரிசியின் அளவு சரியாகத்தான் இருக்கும். பட்டினி கிடந்தவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பதோடு, எப்போது, எந்த வேகத்தில், எத்தனை நாள் தொடர்ந்து ஓடியது என்பதையும் சேர்த்துப் பார்ப்பதை ஆற்றியலாளர்கள் ‘சூழல் நீரோட்டம்’ என்ற கருத்தில் அடக்குகிறார்கள். ஆற்றையும் அதை நம்பிய உயிர்களையும் வாழவைக்கத் தேவையான அளவும் காலமும் கொண்ட ஓட்டம் என்று பொருள்.

பாறை மடுவின் மீன்

சாலக்குடி ஆற்றில் நூறுக்கு மேற்பட்ட மீன் இனங்கள் பதிவாகியுள்ளன. இந்தியாவில் இத்தனை சிறிய ஆற்றில் இப்படியொரு வளம் அபூர்வம். அவற்றில் ஒன்று 1999-இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார்கள். சஹ்யாத்ரியா சாலக்குடியென்சிஸ். மீன்தொட்டிக் கடைகளில் ‘மிஸ் கேரளா’ என்று விற்கப்படும் அழகு மீனின் நெருங்கிய உறவு. வெள்ளி உடலில் மூக்கிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு, அதன் மேலே சிவப்புக் கோடு, முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் உறவினரிடமிருந்து இதைப் பிரித்துக்காட்டும் அடையாளங்களில் ஒன்று.

இதற்கு வேண்டியது ஓடும் தண்ணீர். பாறையில் மோதி நுரைக்கும்போது தண்ணீரில் காற்று கலக்கிறது; பிராணவாயு நிறைந்த அந்தக் குளிர்ந்த நீரில் கூட்டமாகத் திரியும். தேங்கிய நீரில் கதையே வேறு. மூழ்கிய இலையும் மரமும் அடியில் அழுகும்போது பிராணவாயுவை உறிஞ்சிவிடும். வண்டல் அடியிலேயே தங்கிவிடும். கீழே 7.89 கிலோமீட்டரில் மடுக்கள் ஒன்றிலிருந்து ஒன்று அறுபட்டு வெயிலில் சூடேறும். அதற்கும் கீழே, கண்ணன்குழியைத் தாண்டி, மாலையில் திடீரென நீர் ஏறி இரவில் வடியும். கரையோரச் சரளையில் இடப்பட்ட முட்டைகள் ஏறும்போது அடித்துப்போகும், இறங்கும்போது காய்ந்துபோகும். பருவம் பார்த்து முட்டையிடும் மீனுக்கு மின்வாரியத்தின் நேர அட்டவணை தெரியாது.

கரைக்கு மேலேயும் இதே கதை. கேரளத்தில் காணப்படும் நான்கு வகை இருவாச்சிகளும் வாழச்சால் காட்டில் இருக்கின்றன. பெண் இருவாச்சி முதிர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். வாரக்கணக்கில் ஆண் பறவை அந்தக் கீற்று வழியே அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். அத்தனை பெரிய பொந்து விழ ஒரு மரம் பல பத்தாண்டுகள் வளர்ந்திருக்க வேண்டும். ஆற்றோரக் காட்டில் அப்படிப்பட்ட மரங்கள் இருக்கின்றன. 104 ஹெக்டேர் சிறியது என்று சொல்பவர்கள் எந்த 104 ஹெக்டேர் என்று கேட்பதில்லை. மூழ்குவது மலைச்சரிவின் ஏதோ ஒரு மூலை அல்ல, ஆற்றின் இரு கரை. இந்தக் காட்டின் உயிர்கள் நெருங்கி வாழும் பட்டை அது.

இந்த மரங்களை ஒவ்வொன்றாக அறிந்தவர்கள் காடர்கள். ஆனைமலையின் இரு புறமும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாழும் சிறிய பழங்குடி. முந்தைய அணைகள் இவர்களை ஏற்கெனவே இடம்பெயர்த்திருக்கின்றன. இன்று வாழச்சால், பொகலப்பாறைக் குடியிருப்புகள் புதிய அணையின் நிழலில் நிற்கின்றன. ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்தவர்களே கடந்த இருபது ஆண்டுகளாக அதே பொந்துகளைக் கண்காணித்துக் காவல் காக்கிறார்கள்.

தும்பூர்முழியில் காத்திருக்கும் வாய்க்கால்

அருவிக்குக் கீழே தும்பூர்முழி என்ற இடத்தில் ஒரு தடுப்பணை உண்டு. அங்கிருந்து இரு கரையிலும் பிரியும் வாய்க்கால்கள் சுமார் 14,000 ஹெக்டேருக்குப் பாசனம் தருகின்றன. வாய்க்காலுக்குத் தேவை சீரான ஓட்டம். பெரிங்கல்குத்து நிலையம் மாலையில் அதிகம் ஓடிப் பகலில் அடங்குவதாலேயே இங்கு நீர் ஏறி இறங்குகிறது. ஏறும்போது வாய்க்கால் கொள்ளாமல் தடுப்பணையைத் தாண்டி வழிந்துவிடும்; இறங்கும்போது கடைமடைக்கு எட்டாது. இன்னோர் உச்சநேர நிலையம் வந்தால் இந்த ஏற்ற இறக்கம் கூடும். அதற்கும் கீழே ஊராட்சிகளின் குடிநீர்க் கிணறுகள். முகத்துவாரத்தை நெருங்கும் இடத்தில், கோடையில் ஆற்று ஓட்டம் தளர்ந்தால் கடல்நீர் மேலேறி உப்பு கரிக்கும்.

அறிக்கைகளும் அனுமதிகளும்

சாலக்குடிக்கு முன்பே கேரளம் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்திருக்கிறது. குந்திப்புழையின் மேல் வரவிருந்த அணை கைவிடப்பட்டு, 1985-இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா திறக்கப்பட்டது. அதிரப்பள்ளி வழக்கு அதைவிட நீண்டது. 1998, 2005, 2007 என்று மூன்று முறை மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. முதல் இரண்டும் உயர் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 2010-இல் அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷின் அமைச்சகம், அனுமதியை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 2011-இல் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு திட்டத்துக்கு அனுமதி கூடாது என்று பரிந்துரைத்தது. 2013-இல் கஸ்தூரிரங்கன் குழு கதவை முற்றிலும் சாத்தவில்லை. நீரோட்டத்தை மறுமதிப்பீடு செய்து புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றது. 2017-இல் பழைய அனுமதி காலாவதியானது. 2020 ஜூனில் மாநில அரசு மறுபடி தடையின்மைச் சான்று கொடுத்தது. இத்தனைக்குப் பிறகும் அணை எழவில்லை.

எழாததற்குக் காரணமானவர்களில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். லதா ஆனந்தா, 2017 நவம்பரில் மறைந்தவர். அவரும் சாலக்குடிப்புழைப் பாதுகாப்புச் சமிதியும் ஆற்றின் அழகை மட்டும் பேசவில்லை. மேலே நாம் போட்டதைப் போன்ற கணக்கை உண்மையான நீர்வரத்துப் பதிவேடுகளைக் கொண்டு போட்டு, திட்டம் சொல்லும் தண்ணீர் ஆற்றில் இல்லை என்று வாதிட்டார்கள். ஆற்றைக் காப்பாற்றுவதில் எண்ணுக்கு எண் பதில் சொன்ன இந்த உழைப்புக்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

மாலை விளக்குக்கு என்ன வழி?

எதிர்ப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது. கேரளம் ஆண்டுக்குச் செலவிடும் மின்சாரம் 2,500 கோடி யூனிட்டுக்கு மேல். அதிரப்பள்ளி தருவதாகச் சொன்னது அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 3 கிலோவாட் சூரியத் தகடு பதித்த கூரை ஆண்டுக்குச் சுமார் 4,000 யூனிட் தரும், 23.3 கோடி யூனிட்டுக்கு 58,000 கூரைகள் போதும்.

ஆனால் சூரியன் மாலை ஆறரைக்கு இருக்காதே? சரியான மறுப்பு. மின்கலத்தில் சேமிக்கலாம், செலவு ஆகும். அதற்கும் முன்பு செய்யவேண்டியது, மாலைத் தேவையையே குறைப்பது. பழைய 75 வாட் மின்விசிறிக்குப் பதில் இப்போது 30 வாட்டில் அதே காற்று தரும் விசிறி கிடைக்கிறது. ஒன்றுக்கு 45 வாட் மிச்சம். 36 லட்சம் விசிறிகளை மாற்றினால் மாலை உச்சத்தில் 160 மெகாவாட்டுக்கு மேல் மிச்சமாகும், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது. கேரளத்தில் மின் இணைப்புள்ள வீடுகள் ஏறத்தாழ ஒரு கோடி. மூன்று வீட்டுக்கு ஒரு விசிறி சொச்சம் என்ற கணக்கு. அதிரப்பள்ளியின் பெரிய இயந்திரங்கள் இரண்டுக்கும் ஈடு இது. கோடையிலும் குறையாது, விசிறிகள் அதிகம் ஓடுவதே கோடையில்தான்.

இந்தக் கணக்கைத் தமிழ் வாசகர் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்த ஆற்றின் ஆறு அணைகளில் நான்கு நம் கையில் இருக்கின்றன. இதன் தண்ணீரில் ஒரு பகுதி நம் வயல்களில் பாய்கிறது. கோடையில் அருவியில் நீர் மெலிவதில் நமக்கும் பங்கு உண்டு. பரம்பிக்குளத் தண்ணீர் குடிக்கும் நாம், எஞ்சியிருக்கும் இந்தச் சில கிலோமீட்டரைப் பற்றி அக்கறையில்லாமல் இருக்க முடியாது.

என் தீர்ப்பை மறைக்க விரும்பவில்லை. வாழச்சாலுக்கு மேலே அணை வேண்டாம். முடிவெடுக்கும் இடத்தில் யார் இருக்க வேண்டும் என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின்படி 2014-இல் வாழச்சால் வனப்பிரிவின் ஒன்பது காடர் ஊர்களுக்கு அந்தக் காட்டின் மீது சமூக உரிமை வழங்கப்பட்டது. சுமார் 400 சதுர கிலோமீட்டர். அந்த ஊர்களின் கிராம சபைகளைக் கேட்காமல் அங்கே இனி ஒரு சுரங்கமும் தோண்டக்கூடாது.